கண்மையைத் திருப்பிக் கேட்டவர்

கல்யாண வரவேற்பு மேடையில் ஏறி, கையிலிருந்த பரிசைக் கொடுக்காமல், மணப்பெண்ணின் கையைப் பிடித்து முகர்ந்து பார்த்த ஒரே ஒருவரைத்தான் எனக்குத் தெரியும்.

அது ஆவணி மாதக் கல்யாணம், சிதம்பரத்தில். மணப்பெண் என் மனைவியின் தங்கை மகள். முழங்கை வரை மருதாணி போட்டிருந்தாள். வழக்கமான செம்மை நிறம் இல்லை, கன்னங்கரேல் என்று இருந்தது. மாங்காய், மயில், மாப்பிள்ளை பெயரின் முதல் எழுத்து எல்லாம் அச்சடித்தது போலத் துல்லியம். வந்தவர்கள் எல்லோரும் அதைப் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்ற அவர் மட்டும் முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

“கருப்பு மருதாணின்னு ஒரு செடி ஒலகத்துலயே கெடையாது கண்ணு. இது தலைக்கு அடிக்கிற டை. அரிக்குதா?”

மணப்பெண் கேமராவைப் பார்த்துச் சிரித்தபடியே, “லேசா, ஆண்ட்டி” என்றாள்.

“எறங்கி வந்து கழுவு. இப்பவே.”

“மேடம், கொஞ்சம் தள்ளிக்குங்க. லைட்ட மறைக்கிறீங்க” என்றார் புகைப்படக்காரர். பெண்ணின் அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு, “நல்ல நாளும் அதுவுமா ஏங்க இப்படி?” என்றாள். அவர் பரிசைக் கொடுத்துவிட்டு இறங்கிப் போய், அடுத்த பந்தியில் உட்கார்ந்து, எதுவும் நடக்காதது போல இரண்டாம் முறை பாயசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மறுவீட்டுச் சடங்கு முடிவதற்குள் பெண் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிவந்தது. அவள் அனுப்பிய படத்தை என் மனைவியின் கைபேசியில் பார்த்தேன். மருதாணி மங்கிவிட்டிருந்தது. ஆனால் அந்த மாங்காயும் மயிலும் மாப்பிள்ளையின் எழுத்தும் கோடு பிசகாமல் கொப்புளங்களாக எழும்பி நின்றன.

எங்கள் தெருவில் அவரை லேப்காரம்மா என்று சொல்வார்கள். கடலூர் சிப்காட்டில் ஏதோ ஒரு ரசாயனத் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் பல வருடம் இருந்தவர். டிரம்மில் வந்து இறங்கும் சரக்கில், மேலே ஒட்டியிருக்கும் சீட்டில் எழுதியிருப்பதுதான் உள்ளேயும் இருக்கிறதா என்று சோதித்துச் சொல்வது அவர் வேலை. சீட்டில் ஒன்றும் டிரம்மில் வேறொன்றும் இருந்தால் லாரி திரும்பிப் போக வேண்டியதுதான். முதலாளியே வந்து கேட்டாலும் மாற்றிச் சொல்லமாட்டார் என்று அவரோடு வேலை பார்த்த ஒருவர் என்னிடம் சொல்லியிருக்கிறார். அந்தக் குணம் அவரோடு வீட்டுக்கும் வந்தது. எந்தப் பொருளில் என்ன இருக்கிறது என்பதை, கேட்டாலும் கேட்காவிட்டாலும், அது கல்யாண மேடையாக இருந்தாலும் துக்க வீடாக இருந்தாலும், உள்ளது உள்ளபடி சொல்லிவிடுவார்.

நானும் அப்போது கடலூரில் ஓர் அரசு அலுவலகத்தில் இருந்தேன். இருவரும் ஒரே பஸ். நான் பழைய கடலூரைப் பற்றிய புத்தகம் எதையாவது வைத்துப் படித்துக்கொண்டு வருவேன். ஆலப்பாக்கம் தாண்டியதும் பஸ்ஸில் எல்லோரும் கைக்குட்டையை எடுப்பார்கள். சிப்காட்டின் நாற்றம் அங்கிருந்தே தொடங்கும். அவர் மட்டும் ஜன்னலைத் திறந்து நன்றாக மூச்சை இழுப்பார்.

“இது சாயச் சரக்கு சார். அதுக்குப் பின்னாடி வருது பாருங்க, அது பூச்சி மருந்து.”

“எப்படிங்க பொறுத்துக்கறீங்க?”

“நாத்தம் தெரியறவரைக்கும் பயமில்ல. அழுகுன முட்ட வாசன வந்துட்டே இருந்து திடீர்னு நின்னுச்சின்னா, காத்து சுத்தமாயிடுச்சின்னு நெனைக்காதீங்க. மூக்கு செத்துப் போச்சின்னு அர்த்தம். அப்ப ஓடணும்.”

அதற்குப் பிறகு பல நாள், சிப்காட்டை ஒட்டிய குடிகாட்டைக் கடக்கும்போது நாற்றம் வருகிறதா என்று நானே ஆவலோடு மோந்து பார்த்திருக்கிறேன்.

அதே பஸ்ஸில்தான் ஒரு நாள் என் மனைவி அவரிடம் மாட்டினாள். கடலூரில் ஜவுளி எடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். மாசி மாதம் என்று நினைவு. மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போய்வந்த கூட்டம் பஸ்ஸில் நிறைந்திருந்தது. அவர் என் மனைவியின் நெற்றியையே பார்த்துக்கொண்டு வந்தார்.

“அந்தப் பொட்ட கொஞ்சம் எடும்மா.”

என் மனைவி சிரித்துக்கொண்டே ஸ்டிக்கர் பொட்டைப் பிய்த்தாள். அடியில், பொட்டு அளவுக்கு, வட்டமாக வெள்ளை.

“வெயில் படாத எடம், அதான்” என்றாள் என் மனைவி.

“வெயில் இல்ல. பசை. இந்தப் பசையில இருக்கற மருந்து தோலோட நெறத்தையே தின்னுடும். இன்னும் கொஞ்ச நாள் போனா பொட்டு வெக்காமயே பொட்டு தெரியும், வெள்ளையா.”

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி குளியலறைக் கண்ணாடியில் வரிசையாக ஒட்டிவைத்திருந்த பொட்டுகளை எல்லாம் சுரண்டி எறிந்தாள். மறுநாள் அவர் ஒரு பொட்டலம் கொண்டுவந்து கொடுத்தார். மஞ்சளையும் எலுமிச்சைச் சாற்றையும் வைத்து அவரே செய்த குங்குமம். “இதுவும் கொஞ்ச நாளைக்கு வெக்காதே. மொதல்ல நெத்தி சும்மா கெடக்கட்டும்” என்று சொல்லிவிட்டுப் போனார். தோல் மருத்துவர் ஒருவரிடமும் அவரே அழைத்துப் போனார். அடுத்த ஆண்டு ஆனித் தேருக்குள் அந்த வெள்ளையில் நிறம் திரும்பி, தோலோடு தோலாக ஆகிவிட்டது. “அவுங்க கையக் கண்ணுல ஒத்திக்கணும்” என்று என் மனைவி பார்க்கிற எல்லோரிடமும் சொன்னாள். அந்தப் பேச்சு எங்கே கொண்டுபோய் விடப்போகிறது என்று அன்றைக்கு எங்கள் இருவருக்கும் தெரியாது.

வேலையை விட்ட பிறகு அவர் வீட்டிலேயே இப்படிப்பட்ட பொருள்களைச் செய்ய ஆரம்பித்தார். கணவர் காலமாகிவிட்டிருந்தார். மகன் ஓசூரில் இருந்தான். சமையலறை முழுக்க மருந்தரைக்கும் கல்வமும் தராசும் வெள்ளைத் துணியும். எதைச் செய்தாலும் முதலில் தன் இடது முன்கையின் உட்பக்கத்தில் தடவிப் பார்ப்பார். அந்தக் கையைப் பார்த்தால் கலங்கிப் போவீர்கள். சிவந்தும் கறுத்தும் உரிந்தும், பல நாட்டு வரைபடம் போல இருக்கும்.

கடைச் சரக்கைக் குறை சொல்வதை விடத் தன் சரக்கைத்தான் அதிகம் குறை சொல்வார். “இந்த க்ரீம்ல கெடாம இருக்க மருந்து போடல. ஃப்ரிட்ஜ்ல வெச்சா கொஞ்ச நாள் தாங்கும். பூசணம் புடிச்சப்பறம் பூசிக்கிட்டு என்னைத் திட்டாதீங்க.” யாராவது “உங்களுது எல்லாம் இயற்கைதானே?” என்று கேட்டால் கோபம் வந்துவிடும். “ஊமத்தங்காகூட இயற்கதான். அரைச்சித் தரட்டுமா?”

சிவராத்திரிக்கு நடனமாட வந்த பெண்களுக்கு ஒரு வருடம் பீட்ரூட்டும் தேன்மெழுகும் வெல்லப்பாகும் சேர்த்து உதட்டுச் சாயம் செய்து கொடுத்தார். ஒத்திகை நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு பெண் ஓடிவந்தாள்.

“ஆண்ட்டி, உதட்டுல எறும்பு ஏறுது!”

“சாயம் எங்கடி?”

“நல்லா இருந்துச்சு. நக்கிட்டேன்.”

அந்தக் கதையை அவரே எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். “கடையில விக்கறதத் தின்னா வயித்து வலி வரும். என்னுதத் தின்னா எறும்பு வரும். ரெண்டுல எது பரவால்லன்னு நீங்களே முடிவு பண்ணுங்க.”

ஊரடங்குக் காலம் முடிந்த மறு வருடம் கண்மை செய்யத் தொடங்கினார். பிறந்த குழந்தைக்குக் கண்ணிலும் நெற்றியிலும் கன்னத்திலும் மை இழுக்காத வீடு எங்கள் பக்கத்தில் இல்லை. கடை மைகளில் என்னென்ன சேர்க்கிறார்கள் என்று விசாரித்தபோது அவருக்குத் தூக்கம் போய்விட்டதாம். “பெரியவங்க மூஞ்சி அவுங்க பாடு. இது கேக்கத் தெரியாத உசுரு சார்.” மை போடாமலே இருக்கலாம் என்று முதலில் சொல்லிப் பார்த்தார். யாரும் கேட்கவில்லை. எப்படியும் போடத்தான் போகிறார்கள், நல்லதாகவாவது போடட்டும் என்று இறங்கினார். கரிசலாங்கண்ணிச் சாற்றில் நனைத்துக் காயவைத்த திரி, விளக்கெண்ணெய் விளக்கு, மேலே கவிழ்த்த பித்தளைத் தட்டு. தட்டில் படியும் கரியைக் கரண்டியால் சுரண்டி, நெய்யில் குழைத்து, சின்னக் கண்ணாடிக் குப்பிகளில் அடைப்பார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். தன் கண்ணில் பல மாதம் போட்டுப் பார்த்த பிறகுதான் வெளியே கொடுத்தார். சிதம்பரம், கடலூர், காட்டுமன்னார்கோயில் என்று கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கெல்லாம் அந்தக் குப்பி போனது.

என் மகள் தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். பெண் குழந்தை. தொட்டிலில் போட்ட நாளிலிருந்து அந்த மைதான்.

குழந்தை கவிழ ஆரம்பித்திருந்த சமயம். தை மாதம், பொங்கலுக்குக் கட்டிய கரும்பு இன்னும் வாசலில் சாய்ந்திருந்தது. நண்பகலில் அவர் வந்தார். செருப்பைக் கழற்றவில்லை. அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

“சார், என் மையில காரீயம் இருக்கு.”

எனக்குப் புரியவில்லை. மறுபடி சொன்னார். தன் சரக்கையும் வெளி ஆய்வுக்கூடத்துக்கு அவ்வப்போது அனுப்பிச் சோதிக்கிற வழக்கம் அவருக்கு உண்டு. பழைய சக ஊழியர் ஒருவர் சென்னையில் இருந்தார். அவர் மூலம் அனுப்பிய மையில் அப்படி வந்திருக்கிறது. நம்பாமல், மண் சட்டியில் கரி பிடித்துப் புதிதாக ஒரு மை செய்து, இரண்டையும் சேர்த்து மறுபடி அனுப்பியிருக்கிறார். மண் சட்டி மை சுத்தமாக இருந்தது. பித்தளைத் தட்டு மையில் மறுபடியும் ஈயம்.

“காட்டுமன்னார்கோயில்ல எங்க மாமியார் வூட்டுத் தட்டு அது. பித்தளையில சூடு பட்டா களிம்பு ஏறும், கண்ணுக்கு ஆவாதுன்னு நான்தான் ஈயப் பூச்சு வெக்கச் சொன்னேன். நல்ல வெள்ளீயம்தான் கேட்டேன். பூசுனவன் மலிவுக்குக் காரீயத்தக் கலந்திருக்கான். கரியச் சுரண்டறேன்னு நான் அதையும் சேத்துச் சுரண்டியிருக்கேன்.”

“உங்க கண்ணுலயே போட்டுப் பாத்தீங்களே?”

“எரியல. செவக்கல. ஒண்ணுமே தெரியல. ஈயம் எரியாது சார். அதான் அதோட கெட்ட புத்தி.”

தொட்டிலில் குழந்தை முழித்துக்கொண்டிருந்தது. இரண்டு கண்ணிலும் காலையில் இழுத்த மை. முஷ்டியால் கண்ணைத் தேய்த்து, அந்த முஷ்டியை அப்படியே வாயில் வைத்துச் சப்பியது. நாங்கள் எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அன்றே குழந்தையின் ரத்தத்தை எடுத்துச் சென்னைக்கு அனுப்பினோம். ஈயம் இருந்தது. குழந்தை மருத்துவர் நிதானமாகச் சொன்னார்: “இந்த அளவுக்கு மருந்து தேவைப்படாது. உள்ள போற வழிய அடைச்சிட்டா தானா எறங்கும். அடைக்கலன்னா மூளை வளர்ச்சியப் பாதிக்கும். மறுபடி பாக்கலாம்.” என் மகள் அந்தக் குப்பியைத் தூக்கிப் போட்டுவிடச் சொல்லித் தன் அம்மாவிடம் கொடுத்தாள்.

லேப்காரம்மா எங்களிடம் வந்து சொன்ன அன்று மாலையே கிளம்பிவிட்டார். யார் யாருக்குக் கொடுத்தார் என்பது அவருக்கு முகம் முகமாக நினைவிருந்தது. ஒவ்வொரு வீடாகப் போய், குப்பியைத் திருப்பிக் கேட்டு, குழந்தைக்கு ரத்தச் சோதனை செய்யச் சொன்னார். அப்போது நடந்ததை நான் எதிர்பார்க்கவே இல்லை. யாரும் கொடுக்கவில்லை. சோதனைக்கும் ஓரிரு வீட்டார்தான் போனார்கள்.

“கடை மை எல்லாம் வெஷம்னு நீங்கதானே சொன்னீங்க? இப்ப இதுவும் வெஷம்னா நாங்க என்னாத்தப் போடறது?” என்றாள் ஒருத்தி. வடக்கு வீதியில் பள்ளி ஆசிரியை ஒருவர் குரலைத் தாழ்த்தி, “யாரோ உங்கள மெரட்டறாங்க. பெரிய கம்பெனிக்காரனா இருக்கும். நீங்க பயப்படாதீங்க, நாங்க இருக்கோம்” என்றாராம்.

தேவனாம்பட்டினத்துக்கு நானும் கூடப் போனேன். மீன் விற்கிற இளம்பெண் ஒருத்தி, இடுப்பில் பிள்ளையோடு நின்றுகொண்டு எங்களை உட்காரச் சொன்னாள். பிள்ளையின் கண் இரண்டும் மையில் பளபளத்தன.

“யக்கா, எம் புள்ள கண்ணுல பீளை தள்ளிக்கினு கெடந்துச்சு. உன் மை போட்டுதான் நின்னுச்சு. இப்ப வந்து குடுன்றியே, நாயமா?”

“அது மையால நின்னது இல்லம்மா. தானா நின்னிருக்கும். நான் சொல்றதக் கேளு. நான் பண்ணதுல தப்பு நடந்துபோச்சு.”

“தப்பு பண்றவ வூடு தேடி வந்து சொல்லுவாளா? நீ நல்லவ, அதான் இல்லாததுக்கெல்லாம் பயப்படற. போய் நிம்மதியா தூங்கு யக்கா.”

அவ்வளவுதான். நிறையச் சங்கரா மீனைப் பையில் போட்டு, வேண்டாம் வேண்டாம் என்று சொன்னதைக் கேட்காமல், பஸ் நிறுத்தம் வரை வந்து ஏற்றிவிட்டுப் போனாள். குப்பிகளை வாங்கிவரக் கொண்டுபோன பையில் மீனோடு திரும்பினோம். சிப்காட்டைக் கடக்கும்போது அவர் ஜன்னலைத் திறக்கவில்லை.

குழந்தையின் இரண்டாம் சோதனை முடிவு மாசியில் வந்தது. ஈயம் குறையவில்லை. கூடியிருந்தது.

மருத்துவர் என் மகளிடம் “இன்னும் மை போடறீங்களா?” என்று கேட்டார். அவள் சத்தியம் செய்து இல்லை என்றாள். வீட்டுக்கு வந்து சுவர்ச் சுண்ணாம்பு, தண்ணீர்க் குழாய், பொம்மைச் சாயம் என்று ஒவ்வொன்றாக யோசித்துக் குழம்பிக்கொண்டிருந்தோம். செய்தி கேட்டு லேப்காரம்மா வந்தார். பஞ்சைத் தேங்காய் எண்ணெயில் தொட்டு, குழந்தையின் இமையோரத்தை மெல்லத் துடைத்து, எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார்.

பஞ்சு கறுத்திருந்தது.

என் மகள் அலறினாள். “யாரு போட்டது? அப்பா, யாரு போட்டது?”

என் மனைவி தலையைக் குனியவில்லை. “நான்தான். குளிப்பாட்டினதும் உங்களுக்குத் தெரியாம உள் எமையில மெல்லிசா இழுத்துடுவேன். டாக்டர்கிட்ட போற அன்னிக்குத் தொடச்சிடுவேன்.”

“அம்மா! அவுங்களே சொன்னாங்களேம்மா, ஈயம் இருக்குன்னு!”

“சொன்னா? டெஸ்டுல தப்பு வரக்கூடாதா? ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்துல எந்த வூட்டுல சமைச்சாங்க? என் நெத்தியச் சரி பண்ண கை இது. இந்தக் கையால செஞ்சது என் பேத்திக்கு ஆவாதுன்னு யாரு சொன்னாலும் நம்பமாட்டேன். அக்கா, நீங்களே சொன்னாலும் நம்பமாட்டேன்.”

கடைப் பொருளைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், குப்பைக்குப் போகும். தன் பொருளைப் பற்றி அவர் எத்தனை சொன்னாலும் அது சாமி அலமாரிக்குத்தான் போனது.

லேப்காரம்மா குழந்தையைப் பார்த்தார். அது மறுபடி கண்ணைத் தேய்த்து விரலை வாய்க்குக் கொண்டுபோனது. அவர் அந்தக் கையைப் பிடித்துத் துடைத்தார். பிறகு, டிரம்மில் ஒட்டிய சீட்டைப் படிப்பது போல, ஏற்ற இறக்கம் இல்லாமல் பேசினார்.

“அது வெளக்குக் கரி இல்லம்மா.”

“என்னா?”

“மொதல்ல வெளக்குக் கரிதான். அப்பறம் ஆளுங்க நெறைய கேட்டாங்க. வெளக்கேத்தி ஒக்காந்துட்டிருக்க எனக்கு எங்க நேரம்? டயர் கம்பெனிக்குப் போற கரி மூட்டையில வரும். தெரிஞ்சவங்ககிட்ட வாங்கி, அதத்தான் நெய்யில கொழைச்சிக் குடுத்தேன். யாருக்குத் தெரியப்போவுதுன்னு பண்ணேன். தட்டு, பூச்சு எல்லாம் மாட்டிக்குவமோன்னு சொன்ன கத.”

என் மனைவி உள்ளே போனாள். சாமி படத்துக்குப் பின்னாலிருந்து குப்பியை எடுத்துவந்து அவர் காலடியில் வீசினாள். அது உடையாமல் உருண்டு போய்ச் சுவரோரம் நின்றது.

“டயர்க் கரியா? பச்சக் கொழந்த கண்ணுலயா? த்தூ! நீயெல்லாம் ஒரு பொம்பளையா? எங்க வூட்டு வாசப்படிய மிதிக்காத!”

அக்கா என்றே அழைத்தவள், நீங்க என்று தவிரப் பேசாதவள். அவர் குனிந்து குப்பியை எடுத்து, மூடியைத் திறந்து எவ்வளவு மீதி இருக்கிறது என்று பார்த்து, மூடி, பையில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார்.

நான் வாசல் கேட் வரை ஓடினேன். அந்த விளக்கையும் தட்டையும் கரியையும் கண்ணால் பார்த்தவன் நான்.

“ஏம்மா இப்படி ஒரு பொய்யச் சொன்னீங்க? உங்க வாயால?”

“உண்மைய வெச்சிக்கிட்டு இத்தினி நாள் தெருத்தெருவா அலைஞ்சேன். ஒரு குப்பி வரல. இது எம்மாம் சீக்கிரம் வந்துச்சு பாத்தீங்கல்ல?” அவர் முகத்தில் வருத்தமே இல்லை. பல நாள் பிடிபடாமல் இருந்த ஒரு சோதனை சரியாக வந்துவிட்டது போல இருந்தது. “ஒழுங்கா சுத்தம் பண்ண அந்தக் கரியில ஈயம் இருந்திருக்காதுங்க சார். என்னுதவிட அது மேல்.”

“ஊருல உங்க பேரு என்ன ஆவும்?”

“பேரா? அதாலதானே எடுத்து வெச்சிக்கிட்டுக் குடுக்க மாட்டேங்கறாங்க.” நாலு அடி நடந்தவர் திரும்பி வந்தார். “வாயத் தொறக்காதீங்க. இந்தக் கொழந்தைங்க பள்ளிக்கூடம் போற வரைக்கும் யார்கிட்டயும் சொல்லாதீங்க. ‘அப்ப நல்ல மைதானா’ன்னு எவளாவது மறுபடி எடுத்துக்குவா.”

அன்றிலிருந்து அவர் போன வீடுகளில் எல்லாம் டயர்க் கரிக் கதையைத்தான் சொன்னார். போகாத வீடுகளுக்குச் செய்தியே போய்விட்டது. குப்பிகள் வந்தன. கேட்டுக்கு மேலாக எறிந்தார்கள். சாணியில் புரட்டிக் கொண்டுவந்து போட்டார்கள். அவருக்காக நாங்கள் இருக்கிறோம் என்ற ஆசிரியை, காவல் நிலையத்துக்குப் போவேன் என்று தெருவில் நின்று கத்தினார். தேவனாம்பட்டினத்துப் பெண் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வந்தாள். குப்பியைப் படியில் வைத்தாள். பிறகு, எங்கள் தெருவே பார்த்துக்கொண்டிருக்க, குனிந்து மண்ணை வாரித் தூற்றினாள்.

“புள்ளைக்கு ரத்தம் எடுத்துப் பாத்தியா?” என்று அந்தத் தூசிக்குள்ளிருந்து அவர் கேட்டார்.

“பாக்காம? உன்ன மாரி ஆள நம்புன பாவத்துக்கு எல்லாம் பாத்தாச்சு!”

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். ஊரில் இத்தனை குழந்தைகளுக்கு ஒரே சமயத்தில் ரத்தச் சோதனை நடந்ததற்குக் காரணம் அந்தப் பொய்தான்.

எங்கள் பேத்திக்கு அடுத்த சோதனையில் ஈயம் இறங்கியது. அதற்கடுத்த சோதனையில் பயப்பட வேண்டியதில்லை என்று மருத்துவர் சொன்னார். இந்த ஜூன் மாதம் அவளைப் பள்ளியில் சேர்த்தோம். அதனால் இதை எழுதுகிறேன். என் மனைவியும் இப்போதுதான் இதைத் தெரிந்துகொள்ளப் போகிறாள்.

லேப்காரம்மா அந்தப் பங்குனியிலேயே ஊரைவிட்டுப் போனார். மகன் வந்து சாமான்களை வேனில் ஏற்றிக்கொண்டு முன்னால் போய்விட்டான். அவர் வீட்டுச் சாவியை ஒப்படைத்துவிட்டு மறுநாள் பஸ்ஸில் கிளம்பினார். வழியனுப்ப வேறு யாரும் இல்லை. நான் சிதம்பரம் பஸ் நிலையத்துக்குப் போய், ஜன்னலோரத்தில் அவருக்கு இடம் பிடித்துக் கொடுத்தேன்.

பக்கத்து இருக்கையில் கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். நான் பார்த்திராதவள். உட்கார்ந்த பிறகுதான் லேப்காரம்மாவின் முகத்தைப் பார்த்தாள் போலிருக்கிறது. சட்டென்று எழுந்தாள். குழந்தையின் முகத்தை முந்தானையால் மூடி, மார்போடு அணைத்துக்கொண்டு, பின்னால் கடைசி வரிசைக்குப் போய்விட்டாள்.

எனக்குத் தாங்கவில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் என்னைக் கவனிக்கவே இல்லை. எழுந்து நின்று, திரும்பி, முந்தானை விலகிய இடத்தில் அந்தக் குழந்தையின் கண்களையே கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் நகர ஆரம்பித்தது. ஜன்னல் கம்பி வழியாகத் தலையை என் பக்கம் சாய்த்தார். முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

“வெறுங்கண்ணு சார்” என்றார்.